கேட் போட்டிருக்கிறது

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருக்கிறது.
நெல் ஏற்றிய வேகன்கள் முன்னே போய்ப் பின்னே வருகின்றன,
எதையோ மறந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் மாதிரி.
மடியில் பை. பைக்குள் மூன்று காகிதம்.

ஒன்று, நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறுக்கு ரீஃபண்ட் செக்.
எதற்கான ரீஃபண்ட் என்று எங்கும் எழுதவில்லை.
இன்னொன்று, வாங்கிக்கொள்பவர் கையெழுத்துப் போடவேண்டிய கடிதம்:
'இனி எனக்கு எந்தப் புகாரும் இல்லை.
யாரிடமும் இதுபற்றிப் பேசமாட்டேன்.'
மூன்றாவதை நான் கேட்கவில்லை.
திருவாரூர் கம்பெனியை விட்டு வேலை தேடி வந்த இளம்பரிதி
பிரின்ட் எடுத்தே கொண்டுவந்தான்:
எங்களைவிட்டு அங்கே போன பதினோரு மில்,
அவர்கள் கொடுக்கும் ரேட்,
ஒவ்வொருவரின் ஒப்பந்தமும் முடியும் தேதி.
"இது போதும் மேடம், பொங்கலுக்குள்ள எல்லாரும் திரும்பிருவாங்க."

வக்கீல் செங்கமலம் கும்பகோணம் கோர்ட் வாசலில்
கரும்புச்சாறு குடித்துக்கொண்டே சொன்னாள்:
போனவங்களைக் கூப்பிடலாம், தப்பில்ல.
ஒப்பந்தம் நடுவுல இருக்கிறவரை முறிச்சுக்கிட்டு வரச் சொன்னா
அவன் உன் மேல கேஸ் போடுவான்.
அந்த லிஸ்ட்டைத் தொடாத.
செஞ்சதை எழுத்துல ஒத்துக்காத.
வாயாலயும்தான்.
"அப்ப போய் என்னதான் பேசறது?"
"சௌக்கியமான்னு கேளு. அதைச் சட்டம் தடுக்கல."

செஞ்சது இதுதான்.
கலர் சார்ட்டரில் கறுப்பு அரிசியைக் கண்டதும்
காற்றை ஊதித் தள்ளும் எஜெக்டர்,
குண்டூசித் தலை அளவு துளை.
பழசைக் கழுவி, புது டப்பாவில் போட்டு,
புது விலைக்கு மாட்டினோம்.
பார்ட்னர் கஜேந்திரன் வேலை என்று சொல்லலாம்.
பில்லில் இருப்பது என் கையெழுத்து.

கேட் திறந்தது.

உத்திராபதியின் மில்லில் அவித்த நெல்லின் ஆவி.
ஸ்டூலைக் காட்டினார். டீ வந்தது.
ஏன் எங்களை விட்டீர்கள் என்று கேட்டுவிட்டு
எஜெக்டருக்காகக் காத்திருந்தேன்.

"சம்பா அறுவடை. ராத்திரி பதினொண்ணு. மெஷின் நின்னுபோச்சு.
ஒம்பது தடவை அடிச்சேன், நீ எடுக்கல.
திருவாரூர்க்காரன் எடுத்தான்."

அவ்வளவுதானா.
"மத்தபடி ஒன்னய குறை சொல்ல மாட்டேன்.
அந்த வருஷம் நெல்லே சரியில்ல, ஒரே கறுப்பு.
பூவனூர், ரிஷியூர் ஆளுங்களுக்கெல்லாம்
மூட்டைக்கு முப்பது ரூபா பிடிச்சேன்."

டீயில் ஆடை படிந்துவிட்டது.
போன் எடுக்காததற்கு ஒரு மன்னிப்பு கேட்டுவிட்டு
செக்கையும் கடிதத்தையும் நீட்டியிருக்கலாம்.
சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்,
தனக்கே தெரியாத ஒன்றை
விலைக்கு விற்கிறோம் என்று தெரியாமல்.

"நெல்லு சரியாத்தான் இருந்துச்சுங்க" என்றேன்.
பிறகு மிச்சத்தையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
எழுந்து போய்ப் பழைய கணக்கு நோட்டை எடுத்து வந்தார்.
பெயர், மூட்டை, பெயர், மூட்டை.
வெள்ளைத் தாளில் அவரே நிதானமாகப் பார்த்தெழுதினார்.
"நான் பிடிச்ச காசுதான். நானும்தான் கொடுக்கணும்.
எவ்வளவு நான், எவ்வளவு நீன்னு
ஒன் வக்கீலக் கேட்டுச் சொல்லு."
செக்கைத் திருப்பித் தள்ளினார்.
"தை வரைக்கும் அவங்களோட ஒப்பந்தம்.
அதுக்கப்புறம் வருவேன்னு நெனச்சுக்காத."
வாசல் வரை வந்து,
"மத்த பத்து பேருகிட்ட எப்ப போற?" என்றார்.

திரும்பும்போதும் கேட் போட்டிருக்கிறது.
கோரையாற்றுப் பக்கமிருந்து ஈரக் காற்று.
இளம்பரிதிக்கு வேலை இல்லை என்று இன்னும் சொல்லவில்லை,
அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம்.
அவன் தாளைக் கிழிப்பதா,
திருவாரூருக்கே தபாலில் அனுப்புவதா,
செங்கமலத்திடம் இதையும் கேட்கவேண்டும்.

மூவாயிரத்துத் தொள்ளாயிரம் மூட்டை.
முப்பதால் பெருக்குகிறேன்.
வேகன்கள் நகர்கின்றன.
மறுபடி பெருக்குகிறேன், அதே தொகைதான் வருகிறது.
இது ஒரு மில்.

போன் அடிக்கிறது.
யாரென்று பார்க்காமலே எடுக்கிறேன்.